பெட்டிக்குள் ஒரு புற்று

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூரில் இருக்கும் உங்கள் சித்தி மகன் வேலைக்காகக் கனடா போகிறார். ஐந்து ஆண்டுகளாக வளர்த்த 'பால் பைத்தான்' என்ற ஆண் பாம்பை மதுரையில் இருக்கும் உங்களிடம் விட்டுப் போக விரும்புகிறார். அண்ணன் கேட்டாரே என்று நீங்களும் சரி சொல்லிவிட்டீர்கள். ஆனால் இதுவரை அதைத் தொட்டதில்லை. வீடியோ அழைப்பில் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. மாடியில் காலியாகக் கிடக்கும் அறையில் வைக்கலாமா, கடித்தால் என்ன ஆகும், தப்பித்துவிட்டால் என்ன செய்வது, அம்மாவை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று நான்கு கேள்விகள்.

நான் பதினோரு ஆண்டுகளாக இதே இனப் பாம்பு ஒன்றை மதுரையில்தான் வளர்க்கிறேன். மற்ற கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லலாம். மாடி அறைக்கு மட்டும் உடனே சொல்லிவிட வேண்டும்: வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டவே வேண்டாம். கத்திரி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு முழுவதும் அந்தச் சூட்டைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும் என்பது மாடிவீட்டில் படுத்துப் புரண்டவர்களுக்குத் தெரியும். நமக்கு அது தூக்கம் கெட்ட இரவு. பாம்புக்கு உயிர் போகிற விஷயம். உடம்புச் சூட்டை உள்ளிருந்து கூட்டவோ குறைக்கவோ பாம்பால் முடியாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கும் குளிர்ச்சி வேண்டுமென்றால் குளிர்ந்த இடத்துக்கும் நகர்ந்து படுக்கும். பெட்டி முழுவதுமே 37, 38 டிகிரியில் கொதித்தால் அது எங்கே நகரும்? கீழ்வீட்டில், மேற்கு வெயில் சுவரில் படாத அறையைப் பாருங்கள். சாமி அறைக்குப் பக்கத்து அறைதான் குளிர்ச்சி என்று அம்மா சொன்னால், அந்தப் பேச்சுவார்த்தையை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

அடுத்து, பெயர். பால் பைத்தான் என்று தமிழில் எழுதினாலே ஒரு குழப்பம் வரும். என் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், 'பால் மட்டும்தான் குடிக்குமா?' என்று கேட்டிருக்கிறார்கள். இந்தப் பால் ஆங்கிலத்துப் பந்து. பயம் வந்தால் தலையை நடுவில் வைத்து, உடம்பை அதைச் சுற்றி உருண்டையாக இறுக்கிக்கொள்ளும். அப்படி வந்த பெயர் அது. மாட்டுப்பால் எந்தப் பாம்புக்கும் உணவில்லை. நாள்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த பாம்பு எதை வைத்தாலும் குடிக்கும். குடித்த பால் செரிக்காமல் அவதிப்படும். ஆடி வெள்ளிக்குப் புற்றில் பால் ஊற்றிப் பழகிய கை ஆசையாக ஒரு கிண்ணம் கொண்டுவந்தால் பக்குவமாகத் தடுத்துவிடுங்கள்.

அந்தப் பெயரிலேயே உங்களுக்கு ஆறுதலும் இருக்கிறது. நல்ல பாம்பு படமெடுத்து மிரட்டும். கண்ணாடி விரியன் குக்கர் போலச் சீறும். உங்களிடம் வரப்போவதோ, பயந்தால் முகத்தை ஒளித்துக்கொள்கிற இனம். விஷம் கிடையாது. ஆண் என்பதால் மூன்று, மூன்றரை அடிக்கு மேல் பெரிதாக வளராது. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் தன்னைவிட ஐம்பது மடங்கு எடையுள்ள ஒரு பிராணி, வியர்த்த கையோடு, நடுங்கிக்கொண்டு மேலிருந்து குனிகிறது. யார் யாருக்குப் பயப்படுவது நியாயம்?

இதன் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, டோகோ, பெனின் நாடுகளின் புல்வெளிகளிலும் வயல்காடுகளிலும் வாழ்கிறது. பகல் முழுவதும் எலி வளைக்குள்ளோ கரையான் புற்றுக்குள்ளோ படுத்திருந்து இரவில் வெளியே வரும். பெனினில் ஊய்தா என்ற ஊரில் இந்தப் பாம்புகளுக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே டஜன் கணக்கில் உயிரோடு வைத்து வணங்குகிறார்கள். என் அம்மாவிடம் நான் இதைத்தான் சொன்னேன். 'வெளிநாட்டுப் பாம்பு' என்றபோது முகத்தைச் சுளித்தவர், 'புற்றுப் பாம்பு, அங்கேயும் கும்பிடுகிறார்கள்' என்றதும் அருகில் வந்து பார்த்தார். உங்கள் அம்மாவிடமும் முயன்று பாருங்கள்.

புற்று என்ற சொல்லை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். வளர்ப்புக் குறிப்புகள் எத்தனை பக்கம் படித்தாலும் சாரம் இதில் அடங்கிவிடும். புற்றுக்குள் எப்படி இருக்கும்? இருட்டு. உடம்பை நாலாபுறமும் சுவர் தொடும் அளவுக்கு நெருக்கம். வெளியே அனல் அடித்தாலும் உள்ளே மட்டான சூடு. லேசான ஈரம். யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். இந்த ஐந்தையும் ஒரு பெட்டிக்குள் செய்து கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் வேலை முக்கால்வாசி முடிந்தது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பாம்பு வளர்ப்பில் சறுக்குவது பயத்தால் இல்லை. பயத்தில் ஏதாவது செய்துகொண்டே இருப்பதால்தான்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்ப்பது, இடம் மாற்றுவது, மூன்றாம் நாளே எலியை நீட்டுவது, சாப்பிடவில்லை என்று நான்காம் நாளும் நீட்டுவது.

சட்டத்தை இங்கேயே முடித்துவிடுவோம், இது இல்லாமல் பாம்பை ஊரைவிட்டு நகர்த்தக் கூடாது. நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சாரையானாலும் சரி, மண்ணுளியானாலும் சரி. பால் பைத்தான் வெளிநாட்டு இனம். ஆனால் வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022இல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த ஒப்பந்தப் பட்டியலை நம் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்தார்கள். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, இப்படிப்பட்ட உயிரினங்களை வைத்திருப்பவர்கள் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ் 2.0' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அப்போது ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறினால் அதையும் முறைப்படி தெரிவிக்க வேண்டும். ஆகவே அண்ணனிடம் முதலில் கேட்க வேண்டியது 'சாப்பிடுகிறதா' என்பதில்லை, 'பதிவு இருக்கிறதா' என்பது. இருந்தால் கைமாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு கையெழுத்துக்கு அலைய முடியாது. பதிவு இல்லை என்றால், அவர் இங்கே இருக்கும்போதே வனத்துறையிடம் போய்ப் பேசட்டும். 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பாம்பை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். பாங்காக்கிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளில் இந்தப் பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. எந்தத் தாளும் இல்லாத பாம்பைப் பார்த்தால் அதிகாரிகளுக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பெட்டிக்கு வருகிறேன். வளர்ந்த பாம்புக்கு நான்கடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் இருந்தால் வசதி. கதவு முன்பக்கம் இருக்கட்டும். மேல் மூடியைத் திறந்து கையை இறக்கினால் பாம்பின் கண்ணுக்கு நீங்கள் பருந்து. உள்ளே தரைக்குத் தேங்காய் நார்த்தூள் போதும். நர்சரியில் செங்கல் போல அழுத்தி விற்கிறார்களே, அதையே இரண்டு மூன்று தண்ணீர் விட்டு அலசி, உப்பு போக்கிப் பிழிந்து பரப்பலாம். ஒளிந்துகொள்ள இரண்டு இடம் வேண்டும், சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று வைத்தால் பாதுகாப்பா குளிர்ச்சியா என்று பாம்பு தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்துச் சூட்டில் வேகும். கடையில் பிளாஸ்டிக் குகை விலை கொடுத்து வாங்க வேண்டாம். மானாமதுரைச் சட்டி இரண்டு வாங்கி, விளிம்பில் கைமுட்டி நுழையும் அளவுக்கு ஒரு வாசல் உடைத்து, ஓரத்தை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். சுட்ட மண் ஈரத்தைக் குடித்து, மெல்ல மெல்ல வெளியே விடும். கத்திரி நாள்களில் குளிர்ந்த பக்கத்துச் சட்டியின் முதுகில் காலையில் தண்ணீர் தெளித்துவிட்டால், பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கணக்கில் உள்ளே குளிர்ச்சி நிற்கும். வெளிநாட்டுக் குகை எதுவும் இந்த வேலையைச் செய்யாது.

சூட்டுக் கணக்கு: சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. அண்ணன் சூடேற்றும் பாய் ஒன்றையும் சேர்த்துத் தருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பெங்களூர்க் குளிருக்கு அது அன்றாடத் தேவை. மதுரையில் மார்கழி, தை இரவுகளுக்கும் அடைமழை நாள்களுக்கும் மட்டும் அதற்கு வேலை இருக்கும். எப்போது போட்டாலும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லாமல் போடாதீர்கள். கட்டுப்பாடு இல்லாத பாய், வயிறு வெந்துபோகும் அளவுக்குச் சூடாகும். பாம்பும் நம்மைப் போலச் சட்டென்று விலகாமல் அதன்மேலேயே படுத்துக் கிடக்கும். எனக்குப் பாய் விற்ற கடைக்காரர் 'கருவியெல்லாம் எதற்கு, இது தானே நின்றுவிடும்' என்றார். நல்லவேளையாக நம்பவில்லை, வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 46 காட்டியது.

ஆனால் வேறொன்றை நம்பி ஏமாந்தேன். என் பாம்பு வந்த முதல் ஏப்ரல். கையில் இருந்த வளர்ப்புக் குறிப்பு குளிர் நாட்டில் எழுதப்பட்டது. பக்கத்துக்குப் பக்கம் சூடு குறையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. சூடு கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. ஒரு நாள் பாம்பு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கிச் சுருண்டு, மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குளிக்கிறது என்று நினைத்துப் படம்கூட எடுத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தது. அன்று மாலை பெட்டியைத் திறந்து குளிர்ந்த பக்கம் என்று நான் நம்பியிருந்த மூலையில் கையை வைத்தேன். இட்லிப் பானை மூடியைத் தூக்கியது போல முகத்தில் அடித்தது. ஒட்டி வைத்திருந்த முள் வெப்பமானி 29 என்று காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் 35க்கு மேல் இருந்தது. அந்த இரவே பாயை எடுத்தேன், பெட்டியைக் கீழ்வீட்டுக்கு இறக்கினேன். எண்களில் காட்டும் வெப்பமானி இரண்டு வாங்கி, உணர்முனை ஒன்றைச் சூட்டுப் பக்கத் தரையிலும் மற்றதைக் குளிர்ந்த பக்கத் தரையிலும் வைத்தேன். நீங்களும் முள் வெப்பமானியை நம்பாதீர்கள். தண்ணீரில் நாள்கணக்கில் ஊறுவது, பகலிலேயே நிலைகொள்ளாமல் சுற்றுவது, வாயைத் திறந்தபடி கிடப்பது: இந்த ஊரில் இவற்றைப் பார்த்தால் முதலில் சூட்டைச் சந்தேகப்பட வேண்டும். பூச்சி பிடித்தாலும் தண்ணீரில் ஊறும். தொட்டியின் அடியில் மிளகுத்தூள் சிந்தியது போலக் கரும்புள்ளிகள் கிடந்தால் அது பூச்சி.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தி மாலை ஐந்து மணிக்கு விடுகிறார்களே, அந்த நாள் மே மாதத்தில் வந்தால் தயாராக இருங்கள். முந்தைய இரவே இரண்டு பாட்டில் தண்ணீரை உறையவைத்து, துணியில் சுற்றி, பெட்டியின் குளிர்ந்த பக்கத்து வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். உள்ளே, பாம்பின் உடம்பில் படும்படி வைக்க வேண்டாம். ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டால் அறையும் தணியும், ஈரப்பதமும் ஏறும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தை ஒட்டி இருக்கட்டும்.

ஈரத்தின் அருமை சட்டை உரிக்கும்போது தெரியும். வயிறு இளஞ்சிவப்பாகும், உடம்பின் நிறம் மங்கும், கண் இரண்டும் பால் ஊற்றியது போல வெளுத்துவிடும். பார்வை போய்விட்டது என்று பதறி முதல் முறை நான் நள்ளிரவில் நண்பரை எழுப்பினேன். அந்த ஒன்று இரண்டு வாரமும் தொடாதீர்கள், உணவு வைக்காதீர்கள். உண்மையிலேயே அதற்குச் சரியாகத் தெரியாது, மிரளும். பிறகு ஒரு காலையில் காலுறையை உள்புறமாகக் கழற்றிப் போட்டது போல முழுச் சட்டையும் கிடக்கும். அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பாம்புக்கு இமை இல்லை. கண்ணின்மேல் ஒரு கண்ணாடிச் செதில்தான் உண்டு. சட்டையின் தலைப் பகுதியில் அந்த இரண்டு செதிலும் சின்னஞ்சிறு தொடுவில்லை போலத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நகத்தால் சுரண்டிவிடாதீர்கள், ஈரத்தைக் கூட்டி அடுத்த சட்டைவரை காத்திருங்கள். அப்போதும் போகாவிட்டால் மருத்துவர்.

சாப்பாடு என்றால் எலி. கோழி ஈரல், கறித்துண்டு போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடக் கூடாது. எலும்பும் குடலும் ஈரலும் சேர்ந்த முழு உயிர்தான் அதற்குச் சரிவிகித உணவு. உணவுக்கென்று வளர்த்து உறையவைத்த எலியை அண்ணன் எங்கே வாங்குகிறாரோ அங்கேயே தொடர்ந்து வாங்குங்கள். வீட்டிலும் கடைவீதியிலும் பிடிபட்ட எலி வேண்டாம். அது எந்த மருந்தைத் தின்றதோ, எந்தப் புழுவைச் சுமக்கிறதோ. உயிருள்ள எலியும் வேண்டாம். மூலையில் மாட்டிய எலி பாம்பைக் கடித்துக் குதறும், எலிக்கும் அது வதை. உங்கள் பாம்பின் வயதுக்கு 60 முதல் 80 கிராம் எலி ஒன்று, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். முந்தைய நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உறைவு நீக்கி, பிறகு பைக்குள் போட்டு வெந்நீரில் வைத்து, மனித உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். மேலுதட்டில் உள்ள குழிகளால் சூட்டை உணர்கிற பாம்பு இது. குளிர்ந்த எலியை அது கல்லாகத்தான் நினைக்கும். மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள். ஏன் என்று விவரிக்க மாட்டேன்.

ஃபிரிட்ஜ் பற்றி ஒரு வார்த்தை. அம்மாவின் ஃபிரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் எலி வைத்தால், பாம்போடு சேர்த்து உங்களையும் வெளியே அனுப்புவார், அவர் பக்கம்தான் நியாயம். பழைய சின்னக் குளிர்பெட்டி ஒன்று இதற்கென்று வாங்கிவிடுங்கள். ஆண்டுக்கு இருபது இருபத்தைந்து எலிதான், இடம் அதிகம் தேவைப்படாது.

இனி இந்த இனத்தின் பெரிய வம்பு: பட்டினி. இடம் மாறினால் சாப்பிடாது. குளிர்காலம் வந்தால் சாப்பிடாது. காரணமே இல்லாமலும் சாப்பிடாது. என்னுடையது ஒருமுறை ஐப்பசியில் நிறுத்திப் பங்குனியில்தான் மறுபடி வாயைத் திறந்தது. அந்த ஐந்து மாதமும் நான் அழாத குறை. ஆனால் தராசு சொன்ன கணக்கு வேறு: 1,460 கிராமில் இருந்தது 1,390க்கு வந்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே மாதம் ஒருமுறை துணிப்பையில் போட்டு எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் போகலாம். குறையாவிட்டால் தண்ணீரை மாற்றிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். மறுத்த எலியை எடுத்து எறிந்துவிட்டு, பத்து நாள் கழித்து அடுத்ததை நீட்டுங்கள். தினமும் நீட்டினால் அதற்கு எலியே வெறுத்துப்போகும்.

தொடுவது. புது வீட்டுக்கு வந்து முதல் இரண்டு வாரம் தொடவே வேண்டாம். உங்களுக்கு இது விடுமுறை. தண்ணீர் மாற்றும்போது மட்டும் கை உள்ளே போகட்டும். உங்கள் மணம் அதற்கும், அதன் அசைவு உங்களுக்கும் பழகும். இன்னும் நல்ல வழி, அண்ணன் கிளம்புமுன் ஒரு சனி ஞாயிறு பெங்களூர் போய், அவர் கையில் இருக்கும்போதே தொட்டுப் பாருங்கள். வழவழவென்று ஈரமாக இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். இருக்காது. துடைத்து வைத்த வாழைத்தண்டின் மேல்பட்டை போலக் காய்ந்து, குளிர்ந்து, உள்ளே திண்ணென்று இருக்கும். அந்த முதல் வியப்பிலேயே பாதிப் பயம் போய்விட்டதாகப் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

எடுக்கும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்; எலி வாடை இருந்தால் கை உணவாகிவிடும். மேலிருந்து வராமல் பக்கவாட்டில் வாருங்கள். தலையைத் தொடாமல், உடம்பின் நடுப்பகுதியை ஒரு சிறு அட்டையால் மெல்லத் தொட்டு 'இது சாப்பாட்டு நேரமில்லை' என்று தெரிவியுங்கள். பிறகு ஒரு கை நடுவிலும் மற்றது வால்பக்கமும் அடியில் கொடுத்து ஒரே வீச்சில் தூக்குங்கள். தயங்கித் தயங்கி விரலை நீட்டுவதும் இழுப்பதும்தான் அதை மிரட்டும். முதல் நாள் பயமாக இருந்தால் தடித்த முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். பத்து நிமிடம் போதும். சாப்பிட்ட இரண்டு நாளுக்குள் தூக்கினால் கக்கிவிடும். முடிந்ததும் மறுபடி கை கழுவ வேண்டும். பாம்பின் மேல் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோ கர்ப்பிணியோ இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பெட்டியைச் சமையலறைத் தொட்டியில் கழுவவும் கூடாது.

கடித்தால்? பதினோரு ஆண்டுகளில் இரண்டு முறை கடி வாங்கியிருக்கிறேன், இரண்டும் என் தவறு. கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். கருவேல முள் கீறியது போலச் சில ரத்தப் புள்ளிகள். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டால் போதும். விடாமல் பிடித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், பல் உள்நோக்கி வளைந்தது, கிழியும். குளிர்ந்த தண்ணீரை அதன் முகத்தில் விட்டால் விட்டுவிடும். இதெல்லாம் உங்கள் பால் பைத்தானுக்கு மட்டும். தோட்டத்திலோ வாசலிலோ வேறு பாம்பைப் பார்த்தால், 'நான் பாம்பு வளர்க்கிறவள்' என்ற துணிச்சலில் கிட்டே போகக் கூடாது. தீயணைப்புத் துறைக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். அது கடித்துவிட்டால் 108ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனை. கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை எதுவும் வேண்டாம்.

தப்பித்தல். பாம்பு தலை நுழைகிற இடத்தில் உடம்பையும் நுழைத்துவிடும். நழுவும் கண்ணாடிக் கதவுக்குப் பூட்டு கட்டாயம், ஒயர் போகும் துளைக்கு வலை கட்டாயம். என்னுடையது ஒருமுறை நான் பூட்ட மறந்த இரவில் போய்விட்டது. முதல் நாள் வீட்டைத் தலைகீழாக்கியும் கிடைக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று அன்றிரவு ஒவ்வொரு வாசற்படியிலும் அரிசி மாவு தூவினேன். காலையில் பாம்பு வந்ததோ இல்லையோ, தெருவில் இருந்த எறும்பெல்லாம் வந்திருந்தது. அடுத்த இரவு கல்மாவுக் கோலப்பொடி. விடிந்ததும் டார்ச்சோடு குனிந்து பார்த்தேன். சமையலறை வாசலில் வெள்ளைப் பொடியின் நடுவே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தடம், நெளிவே இல்லாமல், சீப்பால் நேராக வகிடெடுத்தது போல. பருத்த உடம்புப் பாம்பு அவசரமில்லாதபோது வயிற்றுச் செதில்களை அலை அலையாக நகர்த்தி நேர்க்கோட்டில்தான் ஊர்ந்து போகும் என்று படித்திருந்தேன். அன்றுதான் எழுத்தில் பார்த்தது போலப் பார்த்தேன். கோடு போய் முடிந்த இடம் ஃபிரிட்ஜின் பின்புறம். கம்ப்ரெசர் சூட்டில் உருண்டையாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே தப்பித்தால் முதலில் கதவு, ஜன்னல், சாக்கடைத் துளைகளை அடையுங்கள், பிறகு சூடான மறைவிடங்களைத் தேடுங்கள், இரவில் கோலப்பொடி. அதைவிட முக்கியமாக, இரு பக்கத்து வீடுகளுக்கும் பாம்பின் படத்தைக் காட்டி முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெருவில் இறங்கிய பாம்பு என்ன இனம் என்று கம்பெடுக்கிற யாரும் கேட்பதில்லை.

மருத்துவர் விஷயத்தில் பொய்யான தைரியம் தர மாட்டேன். நாய், மாடு பார்க்கிறவர்கள் எல்லோரும் பாம்பு பார்ப்பதில்லை. பாம்பு வருமுன்பே இங்குள்ள கால்நடை மருத்துவர்களிடம் கேட்டு, பார்ப்பேன் என்று சொல்கிறவரின் எண்ணை வாங்கி வையுங்கள். யாரும் அமையாவிட்டால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியும் சென்னை வேப்பேரிக் கல்லூரியும் இருக்கின்றன. மூச்சில் விசில் சத்தம், மூக்கில் நுரை, வாயோரம் சீழ்: இவற்றில் எதற்கும் கைவைத்தியம் கிடையாது.

பெங்களூரிலிருந்து கொண்டுவரும்போது காரில், இரவில் வாருங்கள். துணிப்பையில் போட்டு வாயைக் கட்டி, துளையிட்ட பெட்டிக்குள் வையுங்கள். கடைசியாகச் சாப்பிட்டு ஒரு வாரமாவது ஆகியிருக்கட்டும். வழியில் டீ குடிக்க நிறுத்தினால் மூடிய காருக்குள் விட்டுவிட்டு இறங்காதீர்கள். பதிவுத் தாளின் நகல் கையில் இருக்கட்டும்.

ஒத்துவரவில்லை என்று தோன்றினால் அதிலும் வெட்கமில்லை. பதிவோடு வளர்க்கும் வேறொருவருக்கு முறைப்படி மாற்றிக் கொடுத்துவிடலாம். 'நாகமலை பக்கம் விட்டுவிடலாமே' என்று நல்ல எண்ணத்தில் சொல்கிறவர்கள் இருப்பார்கள். நாகம்தான் வட்டமிட்டு இந்த ஊருக்கு எல்லை காட்டியது, அதனால்தான் ஆலவாய் என்று கதை சொல்கிற ஊர் நம்முடையது. பாம்புக்கு இங்கே இடமா இல்லை என்று கேட்பார்கள். ஆப்பிரிக்கப் பாம்புக்கு இல்லை. அதற்கு அது சாவு, இங்குள்ள உயிர்களுக்கு அது சுமக்கிற நோய் ஆபத்து.

எவ்வளவு காலம் என்பதை நீங்கள் கேட்கவே இல்லை. வீட்டில் நன்றாக வளர்த்தால் இருபது, முப்பது ஆண்டு இருக்கும். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலையில் 1961இல் வந்து சேர்ந்த ஒரு பெண் பால் பைத்தான், 2020இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, ஏழு முட்டை இட்டது. அதற்கு முன் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆண் பாம்பின் பக்கத்திலேயே இருந்ததில்லை. உங்களுக்கு வருவதற்கு வயது ஐந்துதான். வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்றும் போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். என் மனைவியிடம் நான் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான் சொன்னேன். இன்றுவரை ஒவ்வொரு சண்டையிலும் அது வருகிறது.